சொடக்குக்கு வராத பட்டன்

‘இங்கே சொடுக்கவும்.’ இந்த இரண்டு வார்த்தைகளை ஒரு மனிதரைப் பழிவாங்குவதற்காகவே நான் எழுதினேன். பிழைப்புக்காக எத்தனையோ வெப்சைட்டுகளுக்கு எத்தனையோ எழுதிக்கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் மறந்துவிட்டது. இது மட்டும் மறக்கவில்லை. ஏன் மறக்க வேண்டும்? ஆற அமர உட்கார்ந்து, கறுவிக் கறுவி எழுதியது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டுக்குச் சொடக்கு பழக்கம். கட்டைவிரலையும் நடுவிரலையும் உரசினால் டக்கென்று ஒரு சத்தம் வருமே, அதுதான். என் அம்மா கொடைக்கானல் ஏரிக்கு இறங்கும் சரிவில் இருந்த ஒரு லாட்ஜில் பதினோரு வருடம் ரூம் துடைத்தாள். லாட்ஜ் முதலாளி அவளைக் கூப்பிட்டது அந்தச் சத்தத்தில்தான். ஒரு சொடக்கு என்றால் இங்கே வா. இரண்டு சொடக்கு என்றால் வெரசா வா. சொடக்குப் போட்டு விரலை நீட்டினால் அந்தப் பக்கம் போ. பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏய்’கூட அபூர்வம்.

அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவள். வேலை கொடுக்கிறவர் யாராக இருந்தாலும் அவளுக்குத் ‘தொரை’. “தொரைமார்னா அப்பிடித்தான் புள்ள” என்பாள். எனக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. நான் நல்லவள் என்று என்னை யாரும் சொன்னதுமில்லை.

ஒரு சீசனில், லாட்ஜில் தங்கியிருந்த ஒரு அம்மாளின் சால்வையைக் காணோம். முதலாளி சொடக்குப் போட்டு என் அம்மாவை வரவழைத்து, கவுண்டர் முன்னால் அத்தனை பேர் பார்க்க அவள் பையைக் கவிழ்க்கச் சொன்னார். தூக்குவாளி விழுந்தது, ஒரு துண்டு விழுந்தது, ஒரு பிளாஸ்டிக் கவர் விழுந்தது. கவருக்குள் சோப்புத் துண்டுகள். தங்கியவர்கள் பாதி தேய்த்துவிட்டுப் போகும் சின்னச் சின்ன சோப்பு. குப்பைக்குப் போக வேண்டியதை எனக்காக எடுத்து வருவாள். நான் பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் என் மேல் வீசியது அந்த வாசனைதான். முதலாளி அதில் ஒன்றை இரண்டு விரலால் தூக்கி எல்லோருக்கும் காட்டினாராம். சிரித்தார்களாம்.

சால்வை அந்த அம்மாளின் காரிலேயே கிடந்தது. அது தெரிந்ததும் முதலாளி என்ன சொன்னார்? ஒரு சொடக்கு, மாடிப்படியைப் பார்த்து ஒரு விரல். போய் வேலையைப் பார் என்று அர்த்தம். அம்மா சோப்புத் துண்டுகளையெல்லாம் பொறுக்கி கவுண்டர்மேல் வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஏரியைச் சுற்றி எந்த லாட்ஜிலும் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த மனுசன் வாயைத் திறந்து ஏதோ சொல்லி வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். நாசமாய்ப் போக.

அப்போது நான் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். முன்னறையில் ஐந்து கம்ப்யூட்டர், பின்னறையில் ஒன்று. பின்னறையில்தான் வெப்சைட் செய்வது. கடைக்காரரை அண்ணன் என்பேன். படம் போடுவது, பக்கம் கட்டுவது எல்லாம் அவர். எழுத்து நான். தமிழை நேராக டைப் அடித்தால் பாதி கம்ப்யூட்டர்களில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் பட்டனில் வரும் தமிழ் எழுத்தைப் படமாகவே செய்து ஒட்டுவோம். ஒரு தடவை செய்ததை மாற்றுவது அலுப்புப் பிடித்த வேலை. அதனால் யோசித்துத்தான் எழுத வேண்டும்.

பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பார்க்கிறவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது அந்தப் பட்டன்தான். அது குழப்பினால் ஆள் போய்விடுவார். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. முன்னறையில் பிரவுசிங் பண்ணுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டது. மூன்று பட்டன் இருந்தால் மவுசை இங்கேயும் அங்கேயும் ஆட்டுவார்கள். ‘சமர்ப்பி’ என்று எழுதியிருந்தால் கோயிலில் எதையோ கேட்டதுபோல் முழிப்பார்கள். அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாவிட்டால் அழுத்த மாட்டார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே பட்டன், அதில் ஒரே வேலை, அதன் கீழே ‘அழுத்தினால் இது நடக்கும்’ என்று ஒரு வரி. இதுதான் நான் கண்டது.

அந்த வார்த்தையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. வெப்சைட் கேட்டு யார் வந்தாலும் நான் கேட்பது ஒரே கேள்வி: “உங்க வாசல்ல ஆள் வந்து நின்னா என்ன சொல்வீங்க?” அவர்கள் வாயில் என்ன வருகிறதோ அதைத்தான் பட்டனில் எழுதுவேன். ஒரு ஜீப் டிரைவர் “ஏறுங்க, போலாம்” என்றார். அதையே எழுதினேன். கேக் கடைக்காரம்மா “ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்க” என்றார். அதையும் எழுதினேன். வாயில் வராத வார்த்தை பட்டனில் வேலை செய்யாது. இது என் கொள்கை. அண்ணன் இதைக் கிண்டல் செய்வார், ஆனால் தடுக்க மாட்டார்.

ஒரு தை மாதக் காலையில் லாட்ஜ் முதலாளி கடைக்குள் நுழைந்தார். நுழைந்ததும் என்னைப் பார்த்து ஒரு சொடக்கு. “தண்ணி கொண்டா.”

எனக்கு உச்சந்தலை சுட்டது. என்னை அவருக்குத் தெரியவில்லை. அவர் லாட்ஜின் பின்வாசலில் அம்மாவுக்காக எத்தனை சாயங்காலம் நின்றிருக்கிறேன்! தண்ணீர் கொடுத்தேன். உட்காரச் சொன்னேன். ஏரிக்கரை லாட்ஜ்காரர்கள் எல்லோரும் வெப்சைட் போட்டுவிட்டார்களாம், அவருக்கும் வேண்டுமாம்.

“சார், உங்க வாசல்ல ஆள் வந்து நின்னா என்ன சொல்வீங்க?”

“நான் எதுக்கும்மா சொல்லணும்? எனக்கு அதா சோலி? ஒரு சொடக்குப் போட்டா வேலக்காரக் கழுதைக ஓடி வந்து பெட்டியத் தூக்கும்.”

கழுதை. என் அம்மா தூக்கிய பெட்டிகளுக்குக் கணக்கே இல்லை. சரி, என் கொள்கையை மீறுவானேன்? அவர் வாயில் வந்ததையே எழுதினேன்: ‘இங்கே சொடுக்கவும்.’

அதோடு விட்டேனா? எது எதைச் செய்யக் கூடாது என்று கற்றிருந்தேனோ அதையெல்லாம் ஆசையாகச் செய்தேன். ஒரே பக்கத்தில் ஏழு பட்டன். ஏழிலும் ‘இங்கே சொடுக்கவும்’. எதைச் சொடுக்கினால் என்ன வரும் என்று கடவுளுக்கே தெரியாது. ரூம் வேண்டும் என்றால் பதினாறு கட்டம் நிரப்ப வேண்டும். தகப்பனார் பெயர்கூடக் கேட்டேன். எல்லாம் நிரப்பி முடித்தால் கடைசியில் ‘சமர்ப்பி’. போன் நம்பரைத் தேடிக் கண்டுபிடிக்கிறவருக்குப் பரிசே கொடுக்கலாம். அண்ணன் பார்த்துவிட்டு, “என்னாத்தா இது, திருவிழாக் கடயா?” என்றார். “அவரு கேட்டாருண்ணே” என்றேன். அது பொய்யும் இல்லை. “நெறைய இருக்கட்டும், பெரிய லாட்ஜ்னு தெரியணும்” என்று அவர்தான் சொன்னார்.

பார்க்க வந்த அன்றைக்கு அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். அதுவரை மவுசைத் தொட்டே அறியாத மனிதர். ஏழு பட்டனும் ஜிகுஜிகுவென்று மின்னின. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்: “இங்கே... சொடுக்கவும்.” பிறகு கையைத் தூக்கித் திரைக்கு நேரே நீட்டி, டக்கென்று ஒரு சொடக்குப் போட்டார்.

ஒன்றும் வரவில்லை.

நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் இன்னொரு தடவை போட்டார். “வரலையேம்மா?”

“நெட்டு ஸ்லோ சார். இன்னுங்கொஞ்சம் பலமாப் போட்டுப் பாருங்க.”

போட்டார். மூன்று தடவை போட்டார். முன்னறையில் மெயில் பார்த்துக்கொண்டிருந்த காலேஜ் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் வாழ்க்கையில் சொடக்குக்கு வராத முதல் ஆள் அந்தக் கம்ப்யூட்டராகத்தான் இருக்கும். அடேங்கப்பா, என் வயிறு எவ்வளவு குளிர்ந்தது! அண்ணன் ஓடி வந்து அவர் கையைப் பிடித்து மவுசின்மேல் வைத்தார். என்னை ஒரு முறை முறைத்தார். முறைக்கட்டும்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. “பாவம் புள்ள, வயசான மனுசன்” என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கி, “லாட்ஜு சமயக்காரரு வழியில கண்டாரு. சீசனுக்கு ஆளு பத்தல, வேணும்னா வரச் சொல்லுன்னு தொரை சொன்னாராம்” என்றாள்.

“போயிருவியா?”

“கூக்கால்ல சரிப்படலேன்னா வேற எங்க போறது, சொல்லு.”

கூக்கால் சங்கதி இது: மலையில் உள்ளே தள்ளி, பஸ்ஸில் போகிற கிராமம். லாட்ஜுக்குக் காய்கறி போட்டுக்கொண்டிருந்த பூண்டு விவசாயக் குடும்பத்து அக்கா ஒருத்தர் அம்மாவை மாசியிலிருந்து தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லியிருந்தார். கூக்கால் ஏரிக்கு மேலே வீடு. பூண்டு போட்டு வைக்கும் மூன்று ரூமை வெள்ளையடித்து, கட்டில் போட்டு, வருகிறவர்கள் தங்குவதற்கு விடப் பார்த்தார். அம்மாதான் பொறுப்பு. அம்மா அங்கே அக்காவோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆனால் அக்கா முன்னாலேயே சொல்லிவிட்டார்: இந்த சீசனில் ஆள் வந்தால் ரூம் ரூமாக இருக்கும், வராவிட்டால் திரும்பப் பூண்டுக்குத்தான். ஆள் வராவிட்டால் அம்மா மறுபடி அந்தச் சொடக்குக்குப் போய் நிற்க வேண்டும். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

அக்காவைக் கடைக்கு வரச்சொல்லி நானே வெப்சைட் போட்டுக்கொடுத்தேன். கேள்வியைக் கேட்டேன்.

“வாசல்ல ஆளு வந்தா என்ன சொல்றது? இதென்னடியம்மா கேள்வி! வாங்கன்னுதான் சொல்லுவோம். வேற என்ன, போங்கன்னா சொல்லுவோம்?”

வாங்க! பட்டனுக்கென்றே பிறந்த வார்த்தை. மூன்றெழுத்து. அதில் மரியாதையும் இருக்கிறது, அழைப்பும் இருக்கிறது. ஒரே பக்கம், ஒரே பட்டன். மேலே வீட்டுப் படம், சுவர் முழுக்க பூண்டுக் கொத்து கட்டித் தொங்கும், பார்க்க அம்சமாக இருக்கும். படத்துக்குக் கீழே பச்சையில் பெரிதாக ‘வாங்க’. அழுத்தினால் எங்கள் கடை போன் நம்பர் வரும். கூக்காலில் செல்போன் சிக்னல் கிடையாது. அக்கா வீட்டு போன் மழை பெய்தால் செத்துவிடும். அதனால் யார் கூப்பிட்டாலும் நான் சீட்டில் எழுதி, கூக்கால் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவதாக ஏற்பாடு. என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய நல்ல பட்டன் இதுதான் என்று அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன்.

இரண்டாம் நாளே போன் அடித்தது. மதுரையிலிருந்து ஒரு அம்மாள். “ஏங்க, அது மலப்பூண்டுதான? என்ன வெல?”

பூண்டு இல்லைங்க, ரூம் என்றேன். வைத்துவிட்டார். அடுத்த போன் திண்டுக்கல். ஊறுகாய் போடுகிறவராம், மூட்டையாகக் கிடைக்குமா என்றார். அடுத்தது கூரியரில் அனுப்புவீர்களா என்றது. ஒரு வாரம் விடாமல் அடித்தது. அத்தனையும் பூண்டு. ஒரு ஆத்மாகூட ரூம் இருக்கா என்று கேட்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. பூண்டுப் படத்துக்குக் கீழே ‘வாங்க’ என்று எழுதினால் யாராவது வீட்டுக்கு வரச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்களா? பூண்டு வாங்க, இங்கே அழுத்து என்றுதானே படிப்பார்கள்! வருவதற்கும் வாங்க, கடையில் வாங்குவதற்கும் வாங்க. சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனது. எதிரியின் பக்கத்தை வேண்டுமென்றே கெடுத்தேன். என் அம்மாவின் பக்கத்தைப் பெருமை அடித்துக்கொண்டே கெடுத்திருந்தேன். சீசன் தொடங்க மூன்று வாரம். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

விஷயத்தைச் சீட்டில் எழுதக் கைவராமல், ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறிக் கூக்காலுக்குப் போனேன். அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

“பூண்டு கேக்குறானா? கேக்கட்டுமே. இங்கதான மூட்ட மூட்டயாக் கெடக்கு. தபால்ல எல்லாம் வராது, வீட்டுக்கு வந்து வாங்கிக்கிடச் சொல்லு.”

“ரூமு?”

“ஏ கிறுக்கி, வந்தவன் பூண்டப் பாத்து, பேசி, காப்பித்தண்ணி குடிச்சு முடிக்கங்குள்ள பஸ்ஸு போயிருக்கும். அப்புறம் எங்க போவான்? ரூமுலதான் படுக்கணும்.”

அம்மா அடுப்படியிலிருந்து, “ஊருப் பேரப் போடு புள்ள. எங்க வரணும்னு சொல்லாம வாங்க வாங்கன்னா யாரு வருவா?” என்றாள்.

அவள் போகிற போக்கில் சொன்னது. ஆனால் அதுதான் சரி. மறுநாள் பட்டனை மாற்றினேன்: ‘கூக்காலுக்கு வாங்க’. ஒரே ஒரு சொல்லைச் சேர்த்ததும் இரண்டு அர்த்தத்தில் ஒன்று ஓடிப்போனது. அதற்குக் கீழே ஒரு வரி: ‘பூண்டு வீட்டிலேயே கிடைக்கும், தங்க ரூம் உண்டு. அழுத்தினால் போன் நம்பர் வரும், பஸ் நேரம் நாங்கள் சொல்கிறோம்.’

சித்திரையில் ஆட்கள் வந்தார்கள். முதலில் பூண்டுக்கு வந்து பஸ்ஸை விட்டவர்கள். அவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்ல, அடுத்த வாரம் ஏரியைப் பார்க்க வந்தவர்கள். மூன்று ரூமும் நிறைந்து, அக்காவின் பிள்ளைகள் கூடத்தில் படுத்தார்கள். கண்டக்டர் என் சீட்டுகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, “தபால்காரனாவே ஆக்கிப்பிட்டீங்க” என்று அலுத்துக்கொண்டார். ரூம் ரூமாகவே இருக்கும் என்று அக்கா சொல்லி அனுப்பினார். அந்தச் சீட்டை நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

சீசன் முடிகிற வாரத்தில் லாட்ஜ் முதலாளி வந்தார். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“என்னம்மா வெப்சைட்டு போட்ட? ஒரு மெயிலு வரல. கவுண்டர்ல வந்து நிக்கிறவன்கூட, கூக்காலுக்கு எப்பங்க பஸ்ஸுன்னு கேக்குறான். நான் என்ன பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸா நடத்துறேன்? அந்தக் கூக்கால் வீட்டுக்கு நீதான போட்டுக்குடுத்த? அதே மாதிரி எனக்கும் வாங்கன்னு போடு.”

“போட்டுடலாம் சார். ஆனா வாயில வராத வார்த்தைய நான் எழுதறதில்ல. வாசல்ல ஆள் நிக்கிறதா நெனச்சு, ஒரு தடவ வாங்கன்னு சொல்லுங்க.”

“வெளையாடுறியா?”

“இல்ல சார். ஒரு தடவ.”

அவர் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கடைக் கதவு திறந்தது. கூக்கால் பஸ்ஸில் வந்திறங்கிய அம்மா, கையில் பூண்டுப் பையோடு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். ஈரக்காற்று உள்ளே அடித்தது. முதலாளி யாரென்றுகூடத் திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டி ஒரு சொடக்குப் போட்டு, கதவைச் சாத்தச் சொல்லி விரலை ஆட்டினார்.

அம்மாவின் கை கதவுக்குப் போனது. பதினோரு வருடப் பழக்கம், சத்தம் கேட்டதும் தானாகப் போகிறது. எனக்கு அந்த விரலைப் பிடித்து ஒடிக்கலாம் போல வந்தது. பிறகு அம்மா கையை நிறுத்தினாள். பையைக் கீழே வைத்தாள். கதவு திறந்தபடியே கிடந்தது.

“தொரை, நல்லா இருக்கீங்களா?” என்றாள். “கூக்காலுக்கு வாங்க. ரூம் ஒழிஞ்சாச் சொல்லி அனுப்புறோம்.”

நான் எழுதிய பட்டனை அவள் அப்படியே சொன்னாள். ஏளனமில்லை, கோபமில்லை. வீட்டுக்கு ஆளை அழைக்கிற குரல்தான். நான் மாதக்கணக்கில் கறுவிச் செய்ததெல்லாம் அந்தக் குரலுக்கு முன்னால் தூசு. பூண்டுப் பையை என் மேசையடியில் தள்ளிவிட்டு, “பஸ் கெளம்பிரும் புள்ள” என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள்.

குரல் கேட்டுத் திரும்பியிருந்த முதலாளி, திறந்த கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் முகத்தில் அவருக்கு இப்போதுதான் ஏதோ தெரிந்தது.

“இது... நம்ம லாட்ஜுல இருந்த அம்மால்ல? ஒன்னோட அம்மாவா?” எழுந்து வாசல் வரைக்கும் போனார். படியில் அம்மா இறங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தார், கூப்பிட முடியவில்லை. என் பக்கம் திரும்பி, “அவங்க பேரு என்னம்மா?” என்றார்.

பதினோரு வருடம். அவர் லாட்ஜில் எத்தனை ரூம், எத்தனை வாளி, எத்தனை தலையணை என்று விரல் நுனியில் வைத்திருந்த மனிதர்.

“பேரு எதுக்கு சார்?” என்றேன். “சொடுக்கிப் பாருங்க. வந்தாலும் வருவாங்க.”

அவர் கை தொங்கியபடியே கிடந்தது.